லப்புக்கும் டப்புக்கும் நடுவில்

(நெய்வேலி நகரியத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பாதிப் பேர், உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பவர்கள் பாதிப் பேர் இருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் பயன்படும் பொருளாக ஒன்றைப் பேச வேண்டும் என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது ஸ்டெதாஸ்கோப். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதை டாக்டர் விளையாட்டில் கழுத்தில் மாட்டிக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு மாணவர் சுற்றோட்டப் பாடத்தில் 'லப், டப்' என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார். ஆனால் தன் இதயம் எழுப்பும் ஒலியைத் தன் காதால் ஒருமுறையாவது கேட்ட மாணவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். உயரும் கைகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

நான் மருத்துவர் அல்ல, உங்களைப் போல அறிவியல் ஆசிரியர். நோயைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லப் போவதில்லை. இதய ஒலியை வகுப்பில் எப்படிக் கேட்க வைப்பது, அந்தப் பாடத்தை ஒட்டி ஒரு குழந்தையின் இதயத்துக்கு ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்ற இரண்டை மட்டும் பேசுகிறேன்.

காதால் சோதிப்பது

நெய்வேலிப் பிள்ளைகளுக்குக் காதால் சோதிப்பது புதிய செய்தி இல்லை. பல வீடுகளில் அப்பாவோ சித்தப்பாவோ சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை பார்க்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் பேரிங் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய, அனுபவமுள்ள ஃபிட்டர் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். சீரான முனகல் கேட்டால் நல்லது. கரகரப்பு கேட்டால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதை வகுப்பில் சொன்னால், "எங்கப்பாவும் அப்படித்தான் பார்ப்பார் சார்" என்று ஒரு குரலாவது எழும். பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

ஃபிட்டரின் ஸ்குரூ டிரைவரும் மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பும் ஒரே அறிவியலில் பிறந்தவை. 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் பணியில் இருந்தார். இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். அந்தக் காலத்தில் மருத்துவர்கள் நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துத்தான் கேட்பார்கள். அந்தப் பெண்ணிடம் அப்படிச் செய்வது முறையாக இருக்காது என்று லென்னெக் தயங்கினார். அப்போது ஒரு சிறிய அறிவியல் உண்மை அவர் நினைவுக்கு வந்தது. நீளமான மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். உடனே காகிதக் கட்டு ஒன்றை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் காது வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாக இதய ஒலி கேட்டது. பிறகு அவரே கடைசல் பிடித்து, ஏறத்தாழ ஓர் அடி நீளத்தில் துளையுள்ள மர உருளை ஒன்றைச் செய்துகொண்டார். 1819இல் தன் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். இரண்டு காதுகளிலும் மாட்டும் வடிவம் 1850களில்தான் வந்தது.

இந்தக் கதையின் அடுத்த பகுதியை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். லென்னெக் இரண்டு ஒலிகளையும் தெளிவாகக் கேட்டார். ஆனால் இரண்டாவது ஒலி ஆரிக்கிள்கள் சுருங்குவதால் எழுகிறது என்று விளக்கம் தந்தார். அது சரியல்ல. வால்வுகள் மூடுவதால்தான் ஒலி எழுகிறது என்று 1832இல் ரூவானே என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். ஒன்றைச் சரியாகக் கேட்பது ஒரு வேலை, அதற்குச் சரியான காரணம் சொல்வது வேறொரு வேலை. பாடநூலில் ஒரே வரியில் இருக்கும் செய்திக்குப் பின்னால் பதினாறு ஆண்டுகள் இருக்கின்றன என்று தெரிந்தால், மாணவர் அந்த வரியை வேறு மாதிரி படிப்பார்.

கதவு மூடும் சத்தம்

'லப் டப்' என்பதை இதயம் அடிக்கும் சத்தம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் நம் காதில் விழுவது, கதவுகள் மூடுவதால் எழும் அதிர்வு. வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கும்போது ஈரிதழ் வால்வும் மூவிதழ் வால்வும் மூடிக்கொள்கின்றன. அது 'லப்': சற்று நீண்ட, கனத்த ஒலி. சுருக்கம் முடிந்து வெண்ட்ரிக்கிள்கள் தளரும்போது, வெளியே போன இரத்தம் திரும்பி வராமல் அரைச்சந்திர வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அது 'டப்': குறுகிய, கூர்மையான ஒலி. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் 'டக்' என்று அதிர்கிறதே, அதைப் போன்றதுதான் இதுவும். நல்ல வால்வு திறக்கும்போது பொதுவாகச் சத்தம் கேட்பதில்லை.

வால்வு என்றால் என்ன என்று விளக்க நம் ஊரில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் அது. அந்த நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை உடையாமல் நிற்கும். இரவு பகலாக ஓயாமல் ஓடும் பம்புகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஓயாமல் ஓடும் இன்னொரு பம்பு தங்கள் நெஞ்சுக்குள் இருப்பதை விளக்குவது கடினமா? நிமிடத்துக்கு 72 முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. இந்தப் பெருக்கலை ஐந்தாம் வகுப்பிலேயே செய்ய வைக்கலாம்.

பம்பு வசதி பார்க்காத பள்ளியிலும் ஓர் அடிபம்பு இருக்கும். வாஷர் தேய்ந்த அடிபம்பில் என்ன நடக்கிறது? எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் முழுதாக மேலே வராது. ஒரு பகுதி கீழேயே இறங்கிவிடும். அடிப்பவர் கை வலிக்கும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு ஒழுகினாலும் இதே கதைதான். இதயத்தின் வால்வு ஒழுகினாலும் இதுதான் நடக்கிறது. ஒரே வேலைக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வகுப்பில் செய்வது எப்படி

ஸ்டெதாஸ்கோப் வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் புனலும் இரண்டடி ரப்பர் குழாயும் போதும். புனலின் சிறிய முனையைக் குழாய்க்குள் நுழையுங்கள். பலூனை வெட்டி, அதன் தோலைப் புனலின் அகன்ற வாயில் இழுத்துக் கட்டுங்கள். குழாயின் மறுமுனையைக் காதுத் துளையருகே பிடித்தால் போதும், உள்ளே திணிக்கக் கூடாது. ஒருவர் பயன்படுத்திய பின் அந்த முனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் இதயத்தை மட்டுமே கேட்க வேண்டும், யாரும் யார் மார்பிலும் கருவியை வைக்கக் கூடாது. வளரிளம் பருவப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் செய்ய இதுவே வழி. மாணவிகளுக்குத் தனி இடம் வேண்டுமென்றால் ஏற்பாடு செய்யுங்கள். சட்டையின் மேல் வைத்துக் கேட்கலாம், ஆனால் துணி உரசினால் அந்தச் சத்தம் இதய ஒலியை விழுங்கிவிடும். நெஞ்சின் நடு எலும்புக்கு இடப்பக்கம் சற்றுக் கீழே வைத்து, முன்னால் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்.

கேட்டதும் எண்ண வைக்காதீர்கள். முதல் ஒரு நிமிடம் சும்மா கேட்கட்டும். பிறகு கேளுங்கள்: இரண்டு ஒலிகளில் எது நீளம்? எந்த இடைவெளி பெரிது, லப்புக்கும் டப்புக்கும் நடுவிலா, டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவிலா? ஓய்வில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 விநாடி. அதில் சுருங்குவதற்கு 0.3, தளர்ந்து நிரம்புவதற்கு 0.5. இப்போது இடத்திலேயே முப்பது முறை குதிக்கச் சொல்லி மறுபடியும் கேட்க வையுங்கள். எந்த இடைவெளி அதிகமாகச் சுருங்கியது? ஓய்வு நேரம்தான் அதிகம் சுருங்கும். இதயத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதியை அந்த ஓய்வு நேரத்தில்தான் பெறுகிறது என்று அந்த இடத்தில் சொன்னால், டயஸ்டோல் என்ற சொல் மறக்காது. மருத்துவர் ஓடியாடக் கூடாது என்று சொல்லியிருக்கும் பிள்ளை குதிக்க வேண்டாம். எண்ணிக்கைப் பலகையைக் கவனிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள்.

கேட்கும் திறன் குறைந்த மாணவர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். விரல் நுனியை இடப்பக்க நெஞ்சில் வைத்தால் துடிப்பைத் தொட்டு உணர முடியும். கண்ணை மூடிக்கொண்டு அவர் எண்ணிய எண்ணிக்கை, கருவியோடு கேட்டவர் எண்ணிக்கையைவிடச் சரியாக அமைவதை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு ஒலியியலோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். மனிதக் காது கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று பாடம் நடத்துகிறோம். இதய ஒலிகளின் பெரும்பகுதி அந்த எல்லையின் அடிப்பக்கத்தில், 20 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். நம் காது மிகவும் சோம்பலாக இருக்கும் இடம் அது. ஸ்டெதாஸ்கோப் ஒலியைப் பெரிதாக்குவதைவிட, அதைச் சிதறாமல் காதுக்குக் கொண்டுவருவதையும் வெளிச்சத்தத்தைத் தடுப்பதையும்தான் முதன்மையாகச் செய்கிறது. அதனால் அறை அமைதியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியாலும் பயன் குறைவு. மாணவர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். "டேய், பேசாதீங்கடா, கேக்கல" என்று அவர்களே சொல்வார்கள். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு, அதட்டல் இல்லாமல் அடங்கும் பாடம் இது.

நடுவில் கேட்கும் சத்தம்

லப்புக்கும் டப்புக்கும் நடுவில் அமைதி இருக்க வேண்டும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் அந்த அமைதியையும் கவனிக்கிறார். அங்கே 'ஷ்...' என்று இரைச்சல் கேட்டால் அதை 'மர்மர்' என்கிறார்கள். ஒழுகும் வால்வு, குறுகிய வால்வு, இதயச் சுவரில் பிறவியிலேயே உள்ள துளை ஆகியவற்றின் வழியாக இரத்தம் சுழித்து ஓடும்போது எழும் ஓசை அது. அதே நேரம், எந்தக் குறையும் இல்லாத ஏராளமான குழந்தைகளுக்கும் வளரும் வயதில் மெல்லிய மர்மர் கேட்கும். அதில் ஆபத்து இல்லை. எது சாதாரணம், எது இல்லை என்று பிரித்துச் சொல்வது பயிற்சி பெற்ற காதுக்கும், தேவைப்பட்டால் எக்கோ பரிசோதனைக்கும் உரிய வேலை. ஆசிரியரோ மாணவரோ அதில் இறங்கக் கூடாது. "உன் சத்தம் வேற மாதிரி இருக்கு" என்ற கேலியை வகுப்பில் அனுமதிக்கவே கூடாது. ஒரு மாணவர் சந்தேகத்தோடு வந்தால், பெற்றோரிடம் தனியாகச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டாம் பருவத்தில் அது சிதறத் தொடங்கியது. பேனாவைக் கீழே போடுகிறாள், கை சும்மா இருப்பதில்லை என்று வகுப்பாசிரியை சொன்னார். திட்டாமல், அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். சில மாதங்களுக்கு முன் தொண்டை வலி, பிறகு காய்ச்சல், ஒரு முழங்காலில் வீக்கம், அது குறைந்ததும் இன்னொரு மூட்டில் வலி என்று அம்மா சொன்னார். வலி போய்விட்டதால் அதோடு விட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் மருத்துவக் குழு வந்தது. வழக்கம்போல் வராண்டாவில் மேசை போட்டிருந்தோம். பக்கத்தில் சத்துணவுக் கூடம், எதிரே விளையாட்டு நேரம். ஆசிரியை இந்த விவரங்களைச் சீட்டில் எழ்தி மருத்துவரிடம் கொடுத்தார். மருத்துவர் படித்துவிட்டு, "இந்தப் பிள்ளையை இங்கே கேட்க முடியாது, அமைதியான அறை இருக்கிறதா?" என்றார். நூலக அறையைத் திறந்து மின்விசிறியை நிறுத்தினோம். உட்கார வைத்து, சாய வைத்து, படுக்க வைத்து, நான்கைந்து இடங்களில் நிதானமாகக் கேட்டார். பிறகு மேல்பரிசோதனைக்கு எழுதினார். எக்கோவில் ஈரிதழ் வால்வு ஒழுகுவது தெரிந்தது. வாதக் காய்ச்சல் தந்த பாதிப்பு.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையில் தொற்றியபின், சில குழந்தைகளின் உடலில் நோய் எதிர்ப்பு ஆற்றல் வழிமாறித் தன் திசுக்களையே தாக்குகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு தாவும் வலியும் வருகின்றன. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், அதாவது நம் கையில் இருக்கும் வயதில். மூட்டு சரியாகிவிடும், இதய வால்வில் வடு தங்கிவிடலாம். சிலருக்குக் கையும் முகமும் தாமாகவே அசையும். சிடன்ஹாம் கொரியா என்று பெயர். பெண் குழந்தைகளிடம் இது அதிகம். வகுப்பறையில் அது கெட்டுப்போன கையெழுத்தாகவும் 'சும்மா உட்காராத பிள்ளை'யாகவும்தான் தெரியும்.

இருபத்தொரு நாள்

அந்த மாணவிக்கு மருத்துவர் சொன்ன சிகிச்சையில் முக்கியமானது பென்சிலின் ஊசி, 21 நாளுக்கு ஒருமுறை, பல ஆண்டுகளுக்கு. ஒழுகும் வால்வை ஊசி சரிசெய்யாது. தொண்டைத் தொற்று மறுபடி வந்து வால்வை மேலும் கெடுக்காமல் காப்பதே அதன் வேலை. வலி எதுவும் இல்லாத நாளில் ஒரு பிள்ளையை ஊசிக்கு அழைத்துப் போவது எந்தக் குடும்பத்துக்கும் எளிதல்ல. கூலிக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம்.

இங்கேதான் பள்ளி உதவ முடிகிறது. எங்கள் வகுப்பாசிரியை தன் நாட்குறிப்பில் 21 நாளுக்கு ஒருமுறை ஒரு சிறிய வட்டம் போட்டுவைத்தார். முந்தைய நாள் மாலையில் அம்மாவுக்கு ஒரு போன். ஊசி நாளில் தாமதமாக வந்தால் கேள்வி இல்லை. மற்ற மாணவர்களுக்கு இது எதுவும் தெரியாது. வகுப்பு மாறியபோது அந்த நாட்குறிப்பின் விவரம் அடுத்த வகுப்பாசிரியருக்குப் போனது. செலவே இல்லாத வேலை, ஆனால் விட்டுப்போகக் கூடாத வேலை.

நாம் செய்யக்கூடியவை

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகள் பரிசோதிக்கப்படுகிறார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை குழு வருகிறது. அந்தப் பட்டியலில் பிறவி இதயக் குறைபாடும் வாத இதய நோயும் இருக்கின்றன. மேல்பரிசோதனைக்கு மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையம், அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வழிகள் உள்ளன. பணம் இல்லையே என்று தயங்கும் பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

குழு வரும் நாளில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, பள்ளியில் மிக அமைதியான அறையைக் கொடுங்கள். வராண்டா வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். பக்கத்து வகுப்பில் பெஞ்சு இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விளையாட்டு வேளையை மாற்றி வையுங்கள். இரண்டு, ஆண்டு முழுவதும் நீங்கள் கவனித்ததைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் அந்தக் குழந்தையைச் சில நிமிடம் பார்க்கிறார், நீங்கள் இருநூறு நாளுக்கு மேல் பார்க்கிறீர்கள். மூன்று, அன்று வராத பிள்ளைகளின் பட்டியலை வைத்திருந்து, அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அடிக்கடி வராமல் போகிற பிள்ளைக்குத்தான் பரிசோதனை அதிகம் தேவைப்படும்.

என்ன கவனிப்பது? மற்றவர்களோடு ஓட முடியாமல் சீக்கிரம் மூச்சு வாங்கும் பிள்ளை. ஓடியதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்ளும் பிள்ளை. உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும் பிள்ளை. விளையாடும்போது மயங்கி விழும் பிள்ளை. தொண்டை வலிக்குப் பின் மூட்டு வலியோடு வரும் பிள்ளை. காரணம் தெரியாமல் கையெழுத்து கெட்டுப்போன பிள்ளை. இவற்றில் பலவற்றுக்கு இதயம் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். இரத்தசோகையாக இருக்கலாம், இளைப்பாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டிய பிள்ளைதான். மயங்கி விழுந்தால் மட்டும் முகாம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே அனுப்புங்கள். 'சோம்பேறி' என்ற சொல்லை இவர்கள் மேல் போடுவதற்கு முன், ஒரு சீட்டு எழுதிப் பாருங்கள்.

வரும் வாரம் புனலும் குழாயும் வாங்கி அந்தப் பாடத்தை ஒருமுறை நடத்துங்கள். தன் இதயத்தைத் தானே கேட்ட பிள்ளை, மருத்துவர் அதன்மேல் கருவியை வைக்கும்போது பயப்படாது, பேச்சையும் தானாக நிறுத்தும். அந்த அரை நிமிட அமைதியில் மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார்.